நன்றி சொன்னால் போய்விடும்

எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொன்னதில்லை. தண்ணீர் கொடுத்தால் குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுப்போம், அவ்வளவுதான். (தப்பித் தவறிச் சொன்னால், "இன்னாடா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள்.) இந்த உண்மையை நம்பித்தான் அக்காவுக்குக் கிடைக்க இருந்த வேலையைக் கெடுத்தேன்.

அக்கா பெயர் சுந்தரி. பிறந்ததிலிருந்தே இரண்டு கைகளும் அவள் பேச்சைக் கேட்காது. ஒன்றைத் தொடப் போனால் நடுங்கிக்கொண்டு வேறெங்கோ போய் நிற்கும். நடப்பதும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான். வாய் மட்டும் குறி தவறாது. தினமும் யார் தூக்கிக்கொண்டு போவது என்று அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. என் பாடப் புத்தகங்களைத் தரையில் விரித்துப் போட்டு, அவளாகவே படிக்கக் கற்றுக்கொண்டாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்து, கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் டிகிரியும் வாங்கிய முதல் ஆள் நான். அந்தக் கனத்தை இறக்கி வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தேன். அக்கா கிடைத்தாள்.

சங்கராபுரத்தில் ஒரு சேலைக் கடை. போனில் செய்தி அனுப்பி விலையும் நிறமும் கேட்கிறவர்களுக்கு, வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் பதில் எழுத ஆள் தேடினார்கள். அக்கா முதலாளியிடம் தானே பேசினாள். "வெள்ளிக்கிழம காலைல வர்ற கஸ்டமருக்கெல்லாம் நீயே பதில் போடும்மா. நான் கடைல இருந்து பாத்துக்கினு இருப்பேன். சரியா வந்தா நீயே இரு" என்றார். அக்கா வாழ்க்கையில் அவளை நம்பி ஒருவர் வேலை சொன்னது அதுதான் முதல் முறை. வடக்கனந்தல் வரை இருக்கிற சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அம்மா அதைச் சொல்லி முடித்திருந்தாள்.

கீபோர்டில் அக்கா விரல் முட்டியால் தட்டுவாள். நன்றாகவே தட்டுவாள். ஒரே சிக்கல், கை நடுங்குவதால் ஒரு 'க' அடிக்கப் போனால் க க க என்று வரிசை கட்டி விழும்.

"ஒரு தபா அமுத்துனா ஒண்ணுதான்டா விழணும். அத்த மட்டும் பண்ணிக் குடு."

"அதெல்லாம் பழைய மொறக்கா. நீ வாயால சொல்லு, அதுவே எழுதிக்கும்."

"நான் அத்த கேக்கலியே."

கேட்கவில்லைதான். ஆனால் படித்தவன் நான் இருக்கும்போது அவள் எதற்குக் கேட்க வேண்டும்? மைக் வாங்கி வந்து, பேச்சை எழுத்தாக்கும் வசதியோடு என் சொந்தச் சரக்கையும் சேர்த்தேன். முதல் பிரச்சினை, அந்த மைக்குக்கு எங்கள் ஊர்த் தமிழ் ஏறவில்லை. அக்கா "இன்னா கலர் வேணும்?" என்றால் "அண்ணா கலர் வேணும்" என்று எழுதியது. வூடு என்றால் ஊது என்றது. சரி, மைக்கைத் திருத்த முடியாது, அக்காவைத் திருத்தலாம் என்று முடிவு செய்தேன்.

"வீடுன்னு சொல்லுக்கா. என்னன்னு சொல்லு."

"வூட்ட வூடுன்னு சொல்லாம இன்னான்னுடா சொல்றது? கையிதான் சரியில்லன்னு நெனச்சேன், இப்ப வாயும் சரியில்லங்கிறியா?"

அப்போது சிரித்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

அடுத்து, எழுதியதை அனுப்ப ஒரு சொல் வேண்டும். வீட்டில் தற்செயலாக யார் வாயிலும் வராத சொல்லாக இருக்க வேண்டும். 'நன்றி' என்று வைத்தேன். அக்கா 'நன்றி' என்றதும் செய்தி போய்விடும், கடைசியில் 'நன்றி' என்று மரியாதையாகவும் இருக்கும். அந்த யோசனைக்காக என் முதுகை நானே தட்டிக்கொள்ளாத குறை. "இனிமே இது எதுக்கு?" என்று கீபோர்டைப் பிடுங்கி பீரோ மேல் போட்டேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. அக்கா தலைக்குக் குளித்து, பொட்டு வைத்து உட்கார்ந்தாள். (யாரும் முகத்தைப் பார்க்கப் போவதில்லை என்றேன். "நான் பாப்பேன்ல" என்றாள்.) முதல் இரண்டு பேருக்கும் செய்தி வாசிப்பவர் மாதிரி பதில் சொன்னாள். முதலாளியிடமிருந்து ஒரு கட்டைவிரல் படம் வந்தது. மூன்றாவதாக ஒரு டீச்சரம்மா, நீலச் சேலை சாயம் போகுமா என்று கேட்டார்.

"சாயம் போகாது. உங்களுக்கு..." என்று அக்கா தொடங்கியபோது, கல்வராயன் மலையிலிருந்து அம்மா குட்டியாக வாங்கி வந்து புட்டியில் பால் கொடுத்து வளர்த்த ஆடு, ஊறவைத்த அரிசியில் வாயை வைத்தது.

"எத்தக் கண்டாலும் வாய வெக்கிறியா? கால ஒடச்சிப் போட்ருவேன்! பால் ஊத்தி வளத்தேனே, நன்றி கெட்ட கழுத!"

எங்கள் வீட்டில் நன்றி என்ற சொல் வாழ்ந்துகொண்டிருந்த ஒரே இடம் அதுதான். அது என் கணக்கில் வரவில்லை.

அக்காவின் 'வூடு' ஒருமுறைகூடப் பிடிபடாத அந்த மைக், அம்மா பேசியதில் ஒரு சொல்லைக்கூட விடவில்லை. டீச்சரம்மாவுக்குப் போனது இது: "சாயம் போகாது உங்களுக்கு எதைக் கண்டாலும் வாய வைக்கிறியா கால ஒடச்சிப் போட்ருவேன் பால் ஊத்தி வளத்தேனே நன்றி."

அடுத்த செய்தி 'கெட்ட கழுத' என்று திரையில் தயாராக நின்றது.

"அம்மா, அந்த வார்த்தைய சொல்லாத!" என்று கத்தினேன்.

"எந்த வார்த்தடா?"

"நன்றி!"

அதுவும் போனது.

மௌசைப் பிடித்தேன். அம்பு திரை முழுக்க ஓடியது. அன்றைக்கு எங்கள் வீட்டில் ஜாஸ்தி நடுங்கியது என் கைதான். மைக் ஒயரைப் பிடுங்கினால் போதும் என்பது டிகிரி வாங்கிய மூளைக்குத் தோன்றவில்லை.

அக்கா கத்தவில்லை. "கீபோர்ட எட்றா. நானே மன்னிப்பு கேட்டுக்கிறேன்" என்றாள். ஸ்டூல் தேடி, ஏறி, எடுத்து வந்து வைத்தேன். முட்டியால் தட்டினாள். மன்னிச்சிடுங்க என்பதில் 'ம' மட்டும் ஒரு வரி முழுக்க விழுந்தது. அதை அழிப்பதற்குள் போன் அடித்தது.

முதலாளி திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "பரவால்லம்மா, கொஞ்ச நாள் போவட்டும்" என்றார். கொஞ்ச நாள் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

அக்கா பொட்டை அழிக்காமல் அப்படியே படுத்துக்கொண்டாள். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அவள் முதலில் கேட்டதைத் தேடினேன். ஒரு தடவை அழுத்தினால் ஒரே எழுத்து விழ வேண்டும். அது கம்ப்யூட்டரிலேயே இருந்தது. போட்டு முடித்துத் திரும்பிப் பார்த்தபோது, நான் தேடத் தொடங்கும்போது அம்மா பக்கத்தில் வைத்த டீயில் ஆவி இன்னும் வந்துகொண்டிருந்தது.

இப்போது எங்கள் சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்து யாராவது "நன்றி" என்றால், "போச்சு, அனுப்பிட்டான்" என்று எங்கள் வரிசையே சிரிக்கிறது. ஆட்டுக்கு 'டீச்சரம்மா' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நானும் சேர்ந்துதான் சிரிக்கிறேன். அக்கா என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கும்போது மட்டும் கீழே குனிந்துகொள்கிறேன்.

போன பொங்கலுக்கு அவளுக்குப் பெரிய பட்டன் வைத்த கீபோர்டு ஒன்று வாங்கினேன். இந்த முறை கேட்டுவிட்டு, அவள் சொன்னதை. தடவிப் பார்த்து, முட்டியால் நிதானமாகத் தட்டினாள். திரையில் வந்தது: "நன்றி."

எங்கள் வீட்டில் ஒருவருக்கு ஒருவர் சொன்ன முதல் நன்றி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா கையை எடுக்கவில்லை. நடுங்கிக்கொண்டே முட்டி மறுபடியும் இறங்கியது. ஒரு தட்டுக்கு ஒரு எழுத்துதான், ஒன்றுகூடக் கூடுதலாக விழவில்லை:

"கெட்டவனே."