பருப்புக்கடை அண்ணாச்சியின் வயிற்றுக் கல்

அஞ்சாம் கிளாசோடு நின்ற படிப்பு எனக்கு. எழுத்து கோணலாக வரும், ஞாபகமும் நழுவும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில், ஏன், இந்த உலகத்திலேயே, கல்லை இப்படி வெறுத்த மனுஷன் வேறு கிடையாது!

பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. ‘கல்லில்லா அண்ணாச்சி’ என்றால் ஆட்டோ நேரே அவர் பருப்புக் கடை வாசலில் போய் நிற்கும். என்னைவிட இளையவர்தான், ஆனாலும் எனக்கும் அவர் அண்ணாச்சி, அவருக்கு நான் அக்கா. கடையின் பின்கட்டில் பருப்பைப் புடைத்துக் கல் பொறுக்குவது என் வேலை. அதில் ஒரு பிடி அள்ளி, வாங்க வந்தவர் முன்னாலேயே பச்சையாக மென்று காட்டுவார். கல்யாணப் பந்தியில்கூடச் சோற்றை விரலால் கிளறிச் சோதித்த பிறகுதான் வாயில் வைப்பார். அவர் தலை தெரிந்தால் சமையல்காரர்கள் அடுப்படிக்குள் ஒளிவார்கள்.

அப்பேர்ப்பட்டவருக்கு, ஒரு நாள் நெய்யப்பம் தின்ற கொஞ்ச நேரத்தில் வலது விலாவுக்கடியில் பிடித்துக்கொண்டது. வலி தோள்பட்டை வரை ஏறியது. ஸ்கேன் எடுத்தால், பித்தப்பை நிறையக் கல்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே என்னிடம் வந்து நின்றார்.

“யக்கா, உங்க கண்ணுக்குத் தப்பி இம்புட்டு கல்லு எப்படி எனக்குள்ள போச்சு?”

கல்லை விட்டுவிடுகிறவள் என்று பேராகிவிட்டால் சாலைக் கடைத்தெருவில் எந்தக் கடையில் வேலை கொடுப்பார்கள்? அண்ணாச்சி என் முறத்தை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டார். கல்லை வெளியே எடுத்துப் பார்த்த பிறகுதான் தீர்ப்பாம்.

ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டரம்மா அண்ணாச்சியையும் கூடப் போன என்னையும் உட்கார வைத்து, மலையாளம் கலந்த தமிழில் விளக்கினார். ஈரல் ஓயாமல் பித்தநீரைச் சுரக்கிறதாம். பித்தப்பை அதைச் சேர்த்துவைத்துச் சுண்டவைக்கிறதாம். எண்ணெய்ப் பண்டம் குடலுக்கு வந்ததும் பிழிந்து அனுப்புகிறதாம். பித்தநீரில் கொழுப்பு மிஞ்சினால் அது உறைந்து கல்லாகிவிடுமாம்.

“இது விழுங்கின கல்லு அல்ல, கேட்டோ. உள்ளேயே உண்டானதாக்கும்.”

“பையை எடுத்துட்டா பித்தம் எங்க போவும்?” என்றார் அண்ணாச்சி.

“ஈரல்லேருந்து நேரே குடலுக்கு இறங்கிக்கும். பேடிக்க வேண்டாம், ஒரு பயமும் இல்ல.”

அண்ணாச்சி தலையாட்டினார், நம்பவில்லை. மயக்கம் தெளிந்ததும் அவர் கேட்டது தண்ணீர் அல்ல, கல். குப்பியில் கொண்டுவந்து கொடுத்தார்கள். அடுத்து என் முறம் வேண்டுமென்றார்! கடையிலிருந்து அதுவும் வந்தது. கட்டிலில் சாய்ந்தபடியே கல்லை முறத்தில் கொட்டி, உருட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எல்லாம் மஞ்சளும் தவிட்டு நிறமுமாகப் பட்டை பட்டையாக இருந்தன. நர்சுகள் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள்.

“நம்ம சரக்குல வாற கல்லு இது இல்ல,” என்று முறத்தை என் கையில் கொடுத்தார். “நாளைக்குக் கடைக்கு வந்திருங்கக்கா.”

இப்போதும் எல்லார் வீட்டுச் சோற்றையும் கிளறிப் பார்க்கிறார். நான் ஆக்கிக் கொண்டுபோகும் பருப்பை மட்டும் பார்க்காமலே பிசைந்து உண்கிறார்.

ஈரல், பித்தம் பற்றி எழுதியதை விவரம் தெரிந்த யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். அண்ணாச்சியைப் பற்றி எழுதியதைச் சரிபார்க்க வேண்டாம். அது எனக்குத் தெரியும்.