அமைதியூட்டியும் ஏழு படிகளும்

அமைதியூட்டி என்றொரு ஜீவன் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. பத்துத் தெரு தள்ளி ஒருத்தி விசும்பினால் போதும், அவருடைய காது விடைத்துக்கொள்ளும். குடித்துக்கொண்டிருந்த தேநீரை அப்படியே வைத்துவிட்டு, சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு, தான் போய்ச் சேருவதற்குள் அவள் அழுது முடித்துவிடுவாளோ என்ற பதைப்பில் ஓட்டமும் நடையுமாக வந்து, அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் தன் முகத்தை நிறுத்தி, இரண்டு உள்ளங்கைகளையும் தரையை நோக்கி மெல்ல மெல்ல அழுத்துவார். பொங்குகிற பாலை அமுக்குகிறாராம். பிறகு அந்தச் சொல் வரும்.

"அமைதி."

இதைக் கேட்டு இதுவரை யாராவது அமைதியானதுண்டா? நான் பார்த்ததில்லை. அழுதவள் கத்துவாள், கத்தியவள் கையில் கிடைத்ததை எடுப்பாள். அமைதியூட்டியோ "பாருங்கள், உள்ளே இருந்ததெல்லாம் வெளியே வருகிறது" என்று திருப்தியாகத் தலையசைப்பார்.

கடலோரக் குன்று நகரமான எங்கள் வல்பராய்சோவில் இந்த இனம் குன்றுக்கு நான்கு வீதம் வாழ்கிறது. அதில் தலைசிறந்த மாதிரி எங்கள் தீயணைப்புக் குழுவின் கேப்டன் ஒலெகாரியோ. எங்கள் நாட்டில் தீயணைக்கிறவர்கள் எல்லோரும் சம்பளமில்லாத் தொண்டர்கள், ரயேன் என்ற நானும் ஒருத்தி. கேப்டன் பகலில் மெத்தை விற்கிறார், சைரன் ஊதினால் மெத்தையைப் போட்டுவிட்டு ஓடிவருவார். அவரிடம் மெத்தை வாங்கியவர்கள் நிம்மதியாகத் தூங்குவதாகக் கேள்வி. ஆறுதல் வாங்கியவர்கள் தூங்கியதாகத் தகவல் இல்லை. ஒருமுறை அடுப்படி முழுக்க எரிந்துபோய் நடுத்தெருவில் நின்ற ஒரு பெண்மணியிடம், "அம்மா, நான் எரிஞ்ச அடுப்படி எவ்வளவோ பாத்திருக்கேன், உங்களுது ரொம்பச் சின்னது" என்றார். அந்த அம்மாள் அன்று வீசிய வாளியின் தழும்பு அவர் ஹெல்மெட்டில் இன்னும் இருக்கிறது. வீரத்தழும்பு என்று சொல்லிக்கொள்வார்.

போன வருடம் மேலிடத்துக்கு ஒரு ஞானோதயம். நெருப்பை அணைத்தால் போதாது, நிலைகுலைந்து நிற்கிறவர்களையும் தேற்றத் தெரிய வேண்டும், அதற்குப் பயிற்சியும் பரீட்சையும் உண்டு என்று உத்தரவு வந்தது. கூடவே ஆங்கிலத்தில் ஒரு கையேடு. இரண்டு மொழியில் படித்தவள் என்பதற்காக அதை எங்கள் மொழிக்கு மாற்றும் வேலை என் தலையில் விழுந்தது. ஆகவே உறுதியாகச் சொல்கிறேன், நூற்றுப்பத்துப் பக்கக் கையேட்டில் 'அமைதியாக இருங்கள்' என்ற தொடர் ஒரே ஓரிடத்தில்தான் வருகிறது. 'செய்யக் கூடாதவை' என்ற தலைப்பின் கீழ், முதல் வரியில்.

கேப்டன் அட்டையைத் தடவிப் பார்த்தார். "நல்ல காகிதம்" என்றார். பிறகு அதை அலமாரியில் வைத்துவிட்டு, சொந்தச் சரக்காக ஏழு படிகளை எங்களுக்குப் போதித்தார். நம் பெயரைச் சொல்ல வேண்டும். நாலு எண்ணி மூச்சிழுக்கச் சொல்ல வேண்டும். புள்ளிவிவரம் தர வேண்டும். நமக்கு இதைவிட மோசமாக நடந்ததை விளக்க வேண்டும். தோளில் கை வைக்க வேண்டும். இப்படிப் போய், ஏழாவது படியில் "பாத்தீங்களா, ஒண்ணுமே ஆகல" என்று முடிக்க வேண்டும். நோயாளி எந்தக் கட்டத்தில் இருந்தாலும் படி தாண்டக் கூடாது.

பயிற்சிக்கு அழுகிறவர் ஒருவர் வேண்டுமல்லவா? குழுவிலேயே அதிகம் பேசாதவள் நான். ஆட்சேபம் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் எல்லோரும் கைதட்டி முடித்துவிட்டார்கள். விதவையாக அழுதேன், பிள்ளையைத் தொலைத்தவளாக அழுதேன், ஒருநாள் ஆள் போதாமல் நாய் செத்த கிழவராகவும் அழுதேன். சும்மா சொல்லக் கூடாது, எனக்குப் பிடித்துப்போயிற்று. கூச்ச சுபாவக்காரிக்கு ஒப்பாரியைப் போல வசதியான முகமூடி வேறு கிடையாது.

பரீட்சை நாள் வந்தது. கம்பி வடம் இழுத்துக் குன்றில் ஏற்றும் பழைய விஞ்ச் பெட்டியை நடுவழியில் நிறுத்தி வைப்பது, உள்ளே உயரத்தைக் கண்டு மிரண்ட பெண்ணாக நான், என்னைத் தேற்றக் கேப்டன். தலைநகரிலிருந்து வந்த தேர்வாளர் கீழே நிலையத்தில் உட்கார்ந்து வயர்லெஸ்ஸில் கேட்டே மதிப்பெண் போடுவார். அவருக்கு உயரம் ஒத்துக்கொள்ளாதாம்.

விஞ்ச் கிளம்பும் நேரத்தில் செனோரா நொல்ஃபா என்ற அம்மாள் ரொட்டிப் பையோடு ஏறிக்கொண்டார். எங்கள் குழுவில் சம்பளம் வாங்கும் ஒரே ஆள் வண்டி ஓட்டுநர். அவருடைய மனைவி இவர். இருவரும் தீயணைப்பு நிலைய மாடியிலேயே குடியிருப்பதால், எங்கள் எல்லோருடைய வண்டவாளமும் இவருக்கு அத்துப்படி.

"அக்கா, இது பரீட்சை. இறங்குங்க" என்றார் கேப்டன்.

"பரீட்சைன்னா ரொட்டி ஆறாதா? நூத்தறுவது படி ஏற உன் முட்டியைக் கழட்டிக் குடு, இறங்கறேன்."

கேப்டன் கதவைச் சாத்தித் தாழிட்டார். பாதி வழியில் விஞ்ச் நின்றது. நான் கைக்குட்டையை எடுத்து வழக்கமான ராகத்தில் ஆரம்பித்தேன். கேப்டன் தொண்டையைச் செருமினார்.

அப்போது பூமி ஆடியது.

குன்று முழுக்கத் தகரக் கூரைகள் கடகடத்தன. நாய்கள் ஒரே குரலில் குரைத்தன. கம்பி வடம் முனகியது, பெட்டி இடமும் வலமும் ஊசலாடியது, விளக்கு அணைந்தது. என் அழுகை நின்றுவிட்டது. மூச்சும் கூடவே நின்றுவிட்டது. நெஞ்சுக்குள் யாரோ ஈரத்துணியைத் திணித்த மாதிரி இருந்தது. வெளியே போக வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. கதவுக்கு வெளியே முப்பது மீட்டர் சரிவு என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே என் கை போய்த் தாழ்ப்பாளைப் பிடித்தது.

கேப்டன் முகம் மலர்ந்தது. என் காதோரம் குனிந்தார். "பிரமாதம் ரயேன்! இந்த மாதிரி நீ பண்ணினதே இல்ல!"

"கேப்டன்… இது நடிப்பு இல்ல…"

"அப்படித்தான் சொல்லணும்! விடாதே!" பிறகு வயர்லெஸ்ஸுக்குக் கேட்கும்படி உரக்க, "அம்மா, என் பேர் ஒலெகாரியோ. அமைதி! நாலு எண்ணி மூச்சை இழுங்க."

இழுக்க மூச்சு எங்கே இருக்கிறது? தாழ்ப்பாள் பாதி நகர்ந்தது.

அவர் புள்ளிவிவரப் படிக்கு வந்திருந்தார். "இது பூகம்பமே இல்லம்மா, வெறும் ஆட்டம். அஞ்சு புள்ளி நாலு. மிஞ்சிப்போனா அஞ்சரை."

வயர்லெஸ் கரகரத்தது. "ஆறு இருக்கும் கேப்டன்."

"ஆறா? எங்க சார் ஆறு? ஆறுன்னா என் கடையில மெத்தை அடுக்கு சரியும்."

"இங்க என் டீ கொட்டிடுச்சு."

"டீ நாலரைக்கே கொட்டும் சார்!"

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது ரத்தத்திலேயே ஊறியது. தரை ஆடினால் முதலில் ரிக்டர் அளவைச் சொல்லியாக வேண்டும். உயிரோடு இருக்கிறோமா என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு அமைதியூட்டிகளும் அரைப் புள்ளிக்கும் கால் புள்ளிக்கும் மல்லுக்கட்ட, நான் தாழ்ப்பாளை முழுக்கத் தள்ளிவிட்டேன். கதவு விரலளவு திறந்தது. காற்று உள்ளே வந்தது.

செனோரா நொல்ஃபா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, கதவுக்கும் எனக்கும் நடுவில் தொப்பென்று உட்கார்ந்தார். ரொட்டிப் பையை என் நெஞ்சில் அழுத்தினார்.

"புடி. ரெண்டு கையாலயும் புடி. கீழ விட்ட, தோலை உரிச்சிடுவேன்."

இரண்டு கையால் பிடிக்க வேண்டுமென்றால் தாழ்ப்பாளை விட்டாக வேண்டும். விட்டேன். அவர் பின்னால் கைவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"எனக்கும் பயமாத்தான் இருக்குடி. காலு தந்தியடிக்குது பாரு." உண்மையாகவே அவர் கால் நடுங்கிக்கொண்டிருந்தது. "ரொட்டி சூடா இருக்கா?"

"…ம்."

"ஒண்ணைப் பிச்சு எனக்குக் குடு. நீயும் தின்னு."

பிய்த்தேன். மென்றேன். மெல்லுவதற்கு நடுவில் எப்படியோ மூச்சு தானாகவே வந்து சேர்ந்துகொண்டது. கண்ணில் நீர் கொட்டியது, இந்த முறை ராகமில்லாமல்.

தோள் படிக்கு வந்துவிட்ட கேப்டன் கையை நீட்டினார்.

"கைய எடு ஒலெகாரியோ. அவ என்ன உன் கடை மெத்தையா? நீயும் ஒரு துண்டு தின்னு, வாய் அடைக்கட்டும்."

கேப்டன் தின்றார். அவர் வாயில் ரொட்டி இருந்த அந்த இரண்டு நிமிடம்தான், அவர் பதவிக்கு வந்த பதினோரு வருடத்தில் அவரால் ஊருக்குக் கிடைத்த அமைதி.

இருபது நிமிடத்தில் மின்சாரம் வந்தது. மறுவாரம் முடிவும் வந்தது. கேப்டனுக்குத் தொண்ணூற்றாறு, தேர்வு நேரத்தில் மெல்லும் சத்தம் கேட்டதற்காக நான்கு குறைத்திருந்தார்கள். என்னைப் பற்றி, 'நடிப்பு மிகை. நோயாளி கடைசியில் சட்டென்று தேறிவிட்டது நம்பும்படியாக இல்லை' என்று ஒரு குறிப்பு. செனோரா நொல்ஃபாவும் அறிக்கையில் உண்டு: 'இடையூறு செய்த ஒரு பெண்மணி.' ஆட்டத்தின் அளவு ஐந்து புள்ளி ஏழு என்று அறிவித்தார்கள். தான் ஜெயித்ததாகக் கேப்டன் சொல்கிறார். தேர்வாளரும் தான்தான் ஜெயித்ததாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

கேப்டன் திருந்தவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இப்போது எட்டாவது படி ஒன்று சேர்த்திருக்கிறார். சட்டைப்பையில் முந்தாநாள் ரொட்டி ஒன்றை வைத்துக்கொண்டு, விபத்தில் நடுங்கி நிற்கிறவர்களின் வாயருகே நீட்டி, "அமைதி, தின்னுங்க" என்கிறார்.

சிரிக்கிறீர்கள். நல்லது, சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். கொஞ்ச நேரத்துக்கு முன் என் கை தாழ்ப்பாளில் இருந்ததே, கதவு விரலளவு திறந்ததே, அப்போது உங்கள் வாய் என்ன முணுமுணுத்தது? "பயமா இருக்கா?" என்றா? உங்கள் உள்ளங்கைகளைக் கொஞ்சம் பாருங்கள். தரையை நோக்கித்தானே இருக்கின்றன?