கொடுவாவுக்கு நேரம் பார்ப்பவர்

தூண்டிலோடு ஆற்றங்கரைக்குப் போகிறவர்களில் மீன் பிடிக்கிறவர்கள் ஓர் இனம்; மீன் பிடிக்க நேரம் பார்க்கிறவர்கள் இன்னோர் இனம். முதல் இனத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பாவம், மீனைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். இரண்டாவது இனத்தை இங்கே மலாய்நாட்டுப் பொந்தியான் பக்கம் எந்த ஞாயிற்றுக்கிழமையும் நீங்கள் தரிசிக்கலாம்.

எங்கள் கித்தா ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி சதாசிவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் கழிமுகத்துக்கு வருவார். கொடுவா மீன் இன்னும் கண் விழிக்கவில்லை என்பார். வெயில் ஏறினால் மீன் நிழலுக்குப் போய்விட்டது என்பார். நீர் ஏறும்போது இறங்கட்டும், இறங்கும்போது ஏறட்டும், இரண்டுமில்லாமல் நின்றால் இதென்ன இப்படி நிற்கிறது என்று கவலைப்படுவார். அமாவாசைக்கு வெளிச்சம் போதாது, பௌர்ணமிக்கு வெளிச்சம் அதிகம். சரி, மாலையில் போடலாமே என்றால், ஞாயிறு மாலை ராகு காலம். இத்தனைக்கும் அவருடைய பஞ்சாங்கம் சென்னப்பட்டணத்துச் சூரியனுக்குக் கணித்தது. பொந்தியான் கொடுவா அந்தச் சூரியனைக் கண்டதா? கேட்டுப் பாருங்கள், ஒரு வாரம் உங்களோடு பேச மாட்டார்.

இப்படிப்பட்டவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா? மகள் சொர்ணத்தைத் தன் மகனுக்குப் பெண் பார்க்க யோங் பெங்கிலிருந்து கண்ணையா வருகிறார் என்றதும், "நம்ம கையால புடிச்ச கொடுவாதான் விருந்து" என்று சொல்லியனுப்பிவிட்டார். கண்ணையாவோ கடலில்லாத ஊரில் கருவாடு தின்று நாக்குச் செத்தவர். குழம்புக்காகத்தான் பெண் பார்க்கவே வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போன பெண். இலையில் மீன் இல்லையென்றால் இதுவும் போச்சு என்றாள் மனைவி செல்லம்.

அந்த ஞாயிறு காலை அவளே புருஷனைக் கழிமுகத்துக்கு இழுத்து வந்தாள். உச்சி வெயிலாகியும் தூண்டில் நனையவில்லை.

"பாசார் மீன் கடையிலயாவது வாங்கிறலாமே. அவங்க பஸ் ஏறியிருப்பாங்க."

"நம்ம கையால புடிச்சதுன்னு சொல்லிட்டேனே. இப்ப எமகண்டம் ஓடுது, போட்டா நண்டு கூட வராது. படகுக்காரர்கிட்ட தண்ணி எப்பத் திரும்பும்னு கேட்டுட்டு வரேன். நீ இதைச் சும்மா புடிச்சிக்கிட்டு நில்லு. தண்ணியில மட்டும் போட்டுடாதே."

அவர் தலை மறைந்ததும் அவள் போட்டுவிட்டாள். ஆத்திரத்தில் போட்டாள், வேறெந்த சாஸ்திரமும் இல்லை. திரும்பி வந்த சதாசிவம், மனைவி முழங்கால் சேற்றில் நின்று, முந்தானையில் சுருட்டிய ஒரு கொடுவாவைக் கைப்பிள்ளைபோல மார்போடு அணைத்திருப்பதைக் கண்டார். மனிதர் சந்தோஷப்பட்டாரா?

"எமகண்டத்துல யாரு போடச் சொன்னா?"

"மீனுதான்" என்றாள் செல்லம்.

அன்று மாலை கண்ணையா குழம்பை மறுபடி மறுபடி ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டார். "பொண்ணு புடிச்சிருக்கு. இந்த மீன எப்பங்க புடிச்சீங்க?" என்றார். செல்லம் வாயைத் திறக்குமுன் கிராணி முந்திக்கொண்டார்.

"நேரம் பாத்துத்தாங்க போட்டேன். எல்லாம் நேரத்துலதான் இருக்கு."

கண்ணையா சொக்கிப்போனார். "அப்ப முகூர்த்தத்தையும் நீங்களே பாத்துச் சொல்லிடுங்க சம்பந்தி" என்று எழுந்து கை கழுவினார். அடுக்களையில் சொர்ணம் தலையில் அடித்துக்கொண்டாள். அப்பனை அறிந்த பெண்.

அது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஆடி ஆகாது, மார்கழி ஆகாது, தையில் ஏதோ தோஷம். கிராணி இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளைக்கு முன்தலையில் வழுக்கை விழுந்துவிட்டதாக யோங் பெங்கிலிருந்து தகவல்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால், 'எமகண்டத்தில் கடித்தது ஏதோ தற்செயல், கொடுவாவுக்குச் சரியான நேரம் வேறு, அது எனக்குத் தெரியும்' என்று இதைப் படிக்கும்போது உள்ளுக்குள் ஒரு குரல் சொன்னதா இல்லையா? சொல்லியிருந்தால், உங்கள் வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கும் பெண்ணின் முகத்தை ஒரு தரம் போய்ப் பாருங்கள். இப்போதே போங்கள். நல்ல நேரம் வரட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.