இறுதி ஊர்வலத்தில் ஒரு கோழி வெந்த கதை

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மச்சினன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் வீட்டுக்காரியும் நலம், வண்டியும் நலம், என் வேலை மட்டும் இழுத்துக்கொண்டு கிடக்கிறது. அங்கே நீங்களும் அக்காவும் நலமா என்று கேட்பது முறை. ஆனால் நீங்கள் நலமாக இருந்தால்தான் இங்கே வந்து என்னைக் காப்பாற்ற முடியும் என்பதால், கேட்பதற்குப் பதிலாக, நலமாகவே இருக்கும்படி கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே திட்ட ஆரம்பித்துவிடுவீர்கள். கடிதத்தில் அந்த வசதி கிடையாது, அதனால்தான் எழுதுகிறேன்.

பள்ளிக்கூட வேனிலும் பால் வண்டியிலும் நான் வாங்கிய நல்ல பெயரெல்லாம் உங்களுக்கே தெரியும். அதற்குப் பிறகும் நீங்கள் மனம் இரங்கி, இந்த அமரர் ஊர்தி முதலாளியிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போய், "நம்ம பையன்தான், நான் பொறுப்பு" என்று சொல்லிச் சேர்த்துவிட்டீர்கள். வெளியே வந்ததும் என் தோளைத் தட்டி, "இதுல உன்னைப் பத்தி யாரும் புகார் சொல்ல முடியாதுடா, ஏறுறவன் வாயத் திறக்க மாட்டான்" என்றீர்கள். அப்பேர்ப்பட்ட வேலையிலும் புகார் வாங்கிவிட்டேன் அத்தான். என் திறமை அப்படி.

ஆரம்பம் என் வயிற்றில்தான். இந்த வண்டியை எந்த ஓட்டல்காரரும் தன் வாசலில் நிறுத்தவிடுவதில்லை. இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போனாலும், யூனிஃபார்ம் சட்டையைப் பார்த்துக் கண்டுபிடித்து, "பார்சலா வாங்கிக்கப்பா" என்று வாசலோடு அனுப்பிவிடுகிறார்கள். பார்சலைப் பிரிக்கும்போது சோறு ஐஸ்கட்டி மாதிரி இருக்கும். வீட்டுக்காரியிடம் சொல்லி அழுதால், "ஏங்க, முன்னாடி அவ்வளவு பெரிய அடுப்பு எரிஞ்சுக்கிட்டே ஓடுது, அதுல சூடு பண்ணிக்கத் தெரியாதா?" என்றாள். கிண்டலுக்குச் சொன்னாள். நான் சமையல் குறிப்பாக எடுத்துக்கொண்டேன்.

முதலில் முட்டை. எஞ்சினில் சைலன்சர் குழாய் சேருகிற இடத்தில் நன்றாகக் கொதிக்கும் என்று மெக்கானிக் சொல்லியிருந்ததால், ஒரு முட்டையை அலுமினியத் தாளில் சுற்றிக் கம்பியால் கட்டி வைத்தேன், அது ஒரு வேகத்தடையில் உருண்டு காற்றாடியில் சிக்கி, எஞ்சின் பூராவும் ஆம்லெட் ஆகி, ஒரு வாரம் வண்டி போன தெருவெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டது, ஜனங்கள் பாவம் வேறு காரணம் நினைத்துக்கொண்டு கும்பிட்டார்கள். அப்புறம் உருளைக்கிழங்கு, ஒரு பக்கம் கரி, ஒரு பக்கம் பச்சை. விடுவேனா? எனக்குத்தான் வேண்டாத விஷயத்தில் பிடிவாதம் அதிகம் ஆயிற்றே. போகப்போகக் கை பழகிவிட்டது. எந்த இடத்தைக் கேட்டாலும் எனக்குப் பதார்த்தமாகத்தான் தோன்றும். பழைய மயானம் முட்டை தூரம், ஆஸ்பத்திரி உருளைக்கிழங்கு தூரம், ஊருக்கு வெளியே இருக்கும் புது மயானம் கோழி தூரம். ஆனாலும் எனக்கும் ஒரு நெறி உண்டு அத்தான். உள்ளே ஆள் இருந்தால் அடுப்பு கிடையாது. காலி வண்டியில் மட்டும்தான் சமையல். இதை முதலாளியிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

அந்த நெறி போன வாரம் கெட்டது. இறந்துபோன பெரியவர் வீடு தூரத்தில் இருந்தது. வண்டிக் கொட்டகையிலிருந்து கிளம்பும்போதே, பூண்டும் மிளகும் எலுமிச்சையும் தடவிய கோழித் தொடைகளைத் தாளில் சுற்றி எஞ்சினில் வைத்துவிட்டேன். துக்க வீட்டில் என்றைக்குச் சொன்ன நேரத்துக்குப் புறப்பட்டிருக்கிறார்கள்? ஒருத்தர் வந்துகொண்டே இருப்பார், அவருக்காக எல்லாரும் காத்துக்கொண்டே இருப்பார்கள். அதற்குள் ஓரமாக ஒதுங்கி எடுத்துத் தின்றுவிடலாம் என்பது என் கணக்கு. பெரியவரின் மகன் ரயில் நிலைய அதிகாரி என்று எனக்கு யார் சொன்னார்கள்? நான் போய் நின்றதும் அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், "ம், ஏத்துங்க" என்றார், ஏற்றினார்கள், "எடுங்க" என்றார், எடுத்துவிட்டேன். பானெட்டைத் திறக்க எனக்கு மூச்சுவிடும் நேரம்கூடக் கொடுக்கவில்லை அந்த மனுஷன்.

சரி, வேகமாகப் போனாலாவது காற்றில் வாசனை கரைந்துவிடும். ஊர்வலமோ நடை. முன்னால் ஜனங்கள் நடக்க, பின்னால் பெரியவரின் சம்சாரம், அந்த அம்மா, ஒரு காரில் வர, நான் நடுவில் முதல் கியரில் ஊர்கிறேன். சிறு தீயில் வைத்துப் பதமாக வேகவிடுவார்களே, சாட்சாத் அதேதான். தெருமுனை திரும்புவதற்குள் வாசனை கிளம்பிவிட்டது. சொன்னால் தப்பு, அபாரமான வாசனை. மூன்று நாய்கள் வந்து ஊர்வலத்தில் சேர்ந்துகொண்டு, சொந்தக்காரர்களைவிட உருக்கமாக நடந்தன. பெரியவரின் தம்பி நின்று முகர்ந்து பார்த்து வெளிறிப்போனார். "என்னடா இது, இன்னும் போயே சேரல, அதுக்குள்ள..." என்றார். பக்கத்திலிருந்தவர், "அதெப்படிங்க, பூண்டு வாசனையில்ல வருது?" என்றார். எனக்குச் சட்டை நனைந்துவிட்டது. மகன் வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"டிரைவர், என்னமோ கருகுது."

"கிளட்ச் சார்."

"கிளட்ச்சுல மிளகு எப்பய்யா போட ஆரம்பிச்சாங்க?"

அவரே பானெட்டைத் தூக்கினார். புகை விலகியதும் உள்ளே வெள்ளிப் பொட்டலம் பளபளவென்று உட்கார்ந்திருக்கிறது. அத்தான், அந்த நிமிஷம் உள்ளே படுத்திருந்த பெரியவரோடு இடம் மாற்றிக்கொள்ளத் தயாராக இருந்தேன். மகன் என் சட்டையைப் பிடித்துவிட்டார், தம்பிக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டார். அப்போதுதான் அந்த அம்மா காரிலிருந்து இறங்கி வந்தார்கள். எல்லாரும் விலகினார்கள். பொட்டலத்தைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள்.

"வெந்துடுச்சா?" என்றார்கள்.

பொய் சொல்லத் தோன்றவில்லை. "இன்னும் கொஞ்சம் இருக்கும்மா, எலும்புகிட்ட வேகணும்" என்றேன். உயிர் போகிற நேரத்திலும் பக்குவம் பேசுகிற புத்தி எனக்கு!

அந்த அம்மா சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுதுவிட்டார்கள். "கோழி வேணும்னு கேட்டுக்கிட்டே இருந்தாருப்பா. டாக்டர் கூடாதுன்னாருன்னு வருஷக்கணக்கா ஒரு துண்டு கண்ணுல காட்டல நானு. முந்தாநேத்துகூடக் கேட்டாரு. ரொட்டியப் பால்ல நனைச்சுக் குடுத்தேன், பேசாம வாங்கிக்கிட்டாரு" என்றார்கள். மகன் என் சட்டையை விட்டுவிட்டார். "மூடு தம்பி. மெதுவாவே ஓட்டு. வழி பூரா மோந்துக்கிட்டாவது போகட்டும்" என்றார்கள் அந்த அம்மா.

ஓட்டினேன். அழுதுகொண்டே ஓட்டினேன் அத்தான். இந்த வேலைக்கு வந்து நான் அழுதது அன்றைக்குத்தான். எல்லாம் முடிந்தபின் எனக்குச் சாப்பிட மனசு வரவில்லை. கடைசிவரை கூடவே வந்த மரியாதைக்கு நாய்களுக்கே போட்டுவிட்டேன். பதம் சரியாகத்தான் இருந்திருக்கிறது, எலும்புகூட மிஞ்சவில்லை.

அந்த அம்மா மன்னித்தாலும் மகன் மன்னிக்கவில்லை. தெரு முழுக்கச் சிரிக்கிறது என்று முதலாளியிடம் போய்க் கத்தியிருக்கிறார். முதலாளி சாவியைப் பிடுங்கிக்கொண்டு, "உன் அத்தான் நேர்ல வந்து சொல்லட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றுவிட்டார். பால் வண்டிக்காரரும் பள்ளிக்கூடத்துக்காரரும் என்னைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போகிறார்கள். இந்த வேலையும் போனால் எனக்கு வேறு கதி இல்லை. நீங்கள் கிளம்பி வந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இனி என் ஆயுசுக்கும் எஞ்சினில் வெந்நீர்கூட வைக்க மாட்டேன், ஆறிப்போன பார்சலையே அமிர்தமாகத் தின்கிறேன் என்று உங்கள் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன். என் தலையை யாரும் நம்புவதில்லை.

அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசிகள், மாமனைப் போல் ஆகாமல் தீர்க்காயுசாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தலைவலி,
மச்சினன்

பின்குறிப்பு: ஒட்டின உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். அத்தான், வர வேண்டாம். சத்தியத்தையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், உங்கள் தலைக்கு ஒன்றும் ஆகாது. இன்று காலை அந்த அம்மா மகனையும் இழுத்துக்கொண்டு கொட்டகைக்கே வந்துவிட்டார்கள். "என் கடைசிப் பயணத்துக்கு இந்த வண்டிதான், இந்தத் தம்பிதான் ஓட்டணும், இப்பவே எழுதிக்குங்க" என்றார்கள். என் பக்கம் திரும்பி, "எனக்குக் கோழி வேணாம்ப்பா, மீனு. அவரு கண்ணுல படக்கூடாதுன்னு நானும்தானே இத்தனை வருஷம் வாயக் கட்டிக்கிட்டுக் கெடந்தேன்" என்றார்கள். மகன் எங்கேயோ பார்த்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினார். முதலாளி உடனே சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, தொழில் பழக்கத்தில் பேனாவைத் திறந்து, "எந்தத் தேதிம்மா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அந்த அம்மா கொஞ்சமும் அசரவில்லை. "தேதிக்கு என்ன அவசரம்? மொதல்ல தம்பிக்கு மீன் பழகட்டும்" என்றார்கள்.