தொண்டைக் கட்டும் கட்டுக்கதையும்

புரட்டாசிச் சனிக்கிழமை மாமியாரோடு மலை ஏறுவதில்லை என்று முடிவெடுத்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் பெருமாள் கோயில் இருக்கும் திருவண்ணாமலை சின்ன மலைதான். ஆனால் மாமியார் வெள்ளத்தாய் படிக்குப் படி நின்று, தன் மூத்த மருமகனின் அருமை பெருமைகளை எடுத்துச் சொல்வார்.

அன்று காலை கழுத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். தொண்டை கட்டவில்லை. கதைதான் கட்டினேன்.

"என்னங்க செய்யுது?" என்றாள் மனைவி மாரிக்கனி.

"ழொண்ழை."

நம்பவேண்டுமே என்று வாயைப் பாதிக்கு மேல் திறக்கவில்லை. எச்சிலை விழுங்காமல் துண்டில் வடியவிட்டேன். உப்புத்தண்ணீரும் ஓய்வும் கிடைக்கும் என்று பார்த்தால், ஆட்டோ வந்தது. ராஜபாளையத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் என்னை உட்காரவைத்துவிட்டாள்.

பெண் டாக்டர் காய்ச்சல் பார்த்தார். இல்லை. கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவினார். இல்லை.

"வாய நல்லாத் திறங்க."

திறக்கவில்லை.

"எச்சில் முழுங்க முடியுதா?"

துண்டைக் காட்டினேன்.

டாக்டர் முகம் மாறியது. "வெறும் தொண்டைவலின்னா மாத்திரை குடுத்து அனுப்பிருவேன். இவருக்கு எச்சில் வடியுது, வாய் திறக்கல, குரலும் மாறிருக்கு. உள்ள சீழ் கட்டியிருந்தா மூச்சு அடைச்சிரும். ஊசி விட்டு எடுக்கணும்."

"எங்க விடுவீக?" என்றாள் மாரிக்கனி.

"தொண்டைக்குள்ளதான்."

"எம்புட்டுப் பெரிய ஊசின்னாலும் விடுங்கம்மா. எனக்கு அவுக உசுருதான் முக்கியம்."

நர்ஸ் கொண்டுவந்தது ஊசி இல்லை. கோணி தைக்கிற சமாச்சாரம்.

"ஐயையோ, வேண்டாம்மா!" என்று அலறினேன். கணீரென்று குரல். வாயும் முழுசாகத் திறந்துவிட்டது. டாக்டர் உள்ளே டார்ச் அடித்தார்.

"ஒண்ணுமே இல்லையே! பளிச்சுன்னு இருக்கு."

மாரிக்கனி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பெருமாளே, குரலத் திருப்பிக் குடுத்துட்ட!" வெளியே வந்ததும் ஆட்டோவைக் கூப்பிட்டாள். "நேரா மலைக்குப் போயி மொட்டை போட்டுருவோம்."

"யாருக்குட்டி மொட்டை?"

"உங்களுக்குத்தான். குரல் வந்தா முடி எறக்குறதா நேர்ந்துக்கிட்டேன்."

"எப்ப?"

"நர்ஸம்மா ஊசி எடுக்கப் போனாகள்ல, அப்ப."

"ஏட்டி, அப்ப நான் நடிச்சது உனக்கு..."

"நடிச்சீகளா?" கண்ணை அகல விரித்தாள்.

"இல்லையே," என்றேன்.

மலையடிவாரத்தில் கத்தியைத் தீட்டியவர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார்: "மீசையும் சேர்த்தா?"

"சேர்த்துத்தான் நேர்ந்திருக்கேன்," என்றாள் மாரிக்கனி.