வெல்கோவை நிறுத்திவைக்க ஒரு பொத்தான்

கால்பந்து அணியை நடத்தும் கணினி விளையாட்டைத் தயாரித்த மதிப்புக்குரிய ஐயாமார்களுக்கு,

ஸ்தாரி ப்ரோத் ஊரிலிருந்து ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ராதிசாவ் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் நலம். நீங்களும் வீட்டாரும் கைகால் சுகத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்த வருஷம் பிளம் நன்றாகக் காய்த்திருக்கிறது. டான்யூபில் தண்ணீர் அளவாகப் போகிறது. என் மனைவி தேசான்காவுக்கு மூட்டுவலி, குரலுக்கு ஒன்றும் இல்லை. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

என் மகன் ப்ராங்கோ வியன்னாவில் டிராம் ஓட்டுகிறான். எங்கள் ஸ்டேஷனில் ரயில் நிற்பது நின்றுபோன பிறகு நான் வீட்டில் உட்கார்ந்து அவன் அம்மாவின் உயிரை வாங்குகிறேன் என்று, போன ஈஸ்டருக்கு வந்தபோது ஒரு பழைய லேப்டாப்பில் உங்கள் விளையாட்டைப் போட்டுக் கொடுத்தான். நான் எங்கள் ஊர் அணியையே எடுத்துக்கொண்டேன். நிஜத்தில் அந்த அணிக்கு ஆள் சேர்வதில்லை; தபால்காரர் லீவு போட்டால் கோல் காக்க ஆள் கிடையாது. உங்கள் கணினியில்தான் வருஷாவருஷம் புதுப் பையன்கள் முளைக்கிறார்கள். அப்படி முளைத்தவன் வெல்கோ. பிறந்த ஊர் ஸ்தாரி ப்ரோத் என்று நீங்களே போட்டிருந்தீர்கள்.

சேதி காதுக்கு எட்டியதும் முடிவெட்டும் தோஷா கத்தரியும் கையுமாக வந்து படத்தைப் பார்த்தார். "இந்த மூக்கு எனக்குத் தெரியும்யா. ஆத்துக்கு அந்தாண்ட மாவுமில்லுக்காரன் வீட்டு மூக்கு" என்றார். கணினி தானாகப் போட்ட முகம் அது என்றேன். "கணினிக்கு மட்டும் மூக்கு வானத்துலேருந்தா வருது?" என்று கேட்டார். அன்றிலிருந்து வெல்கோ ஊர்ப் பிள்ளை. அவன் ஆடும் நாளில் லேப்டாப்பைக் காபிக்கடைக்குத் தூக்கிப் போவேன், கடை நிறைந்துவிடும். அவன் கோல் போட்டால் கல்யாண வீடு தோற்றது.

இப்படி இருக்கும்போதுதான் பையன் என்னிடம் வந்து, பெரிய அணிக்குப் போக விரும்புகிறேன் என்றான். நான் சொல்லவேண்டிய பதில்களை நீங்களே எழுதி வைத்திருந்தீர்கள். அதில் 'போக விரும்பினால் தாராளமாகப் போகலாம்' என்பதை அழுத்தினேன். உங்கள் பக்கத்தில் எப்படியோ, எங்கள் ஊரில் விருந்தாளி கிளம்புகிறேன் என்று எழுந்தால் முதலில் கெஞ்சுவோம், அதற்கும் மசியவில்லை என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு "போறதுன்னா போ, உன்னை யாரு புடிச்சு வெச்சா" என்போம். மானமுள்ள எவனும் அதைக் கேட்டுவிட்டு எழுந்து போனதில்லை, உட்கார்ந்து இன்னொரு கிளாஸ் பிளம் சாராயம் குடிப்பான். என் மச்சான் அப்படி உட்கார்ந்தவர் மறுநாள் மத்தியானம்தான் போனார். உங்கள் கணினியோ அந்தப் பேச்சை அப்படியே எடுத்துக்கொண்டு, என் பிள்ளையை விற்பனைப் பட்டியலில் சேர்த்து, பத்திரிகைக்காரர்களையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டது. இது என்ன வளர்ப்பு என்று கேட்கிறேன்.

சரி, பேசித் தீர்ப்போம் என்று மறுபடி அவனைக் கூப்பிட்டேன். தேசான்கா பாலாடைக்கட்டி ரொட்டி சுட்டு ஒரு தட்டை லேப்டாப் பக்கத்தில் வைத்தாள். யாருக்கு என்றேன். "புள்ள பேச வர்றான். வெறும் மேசையில உக்கார வெச்சா பேசுவீங்க?" என்றாள். ரொட்டி ஆறிப்போயிற்று, அவன் மனசு மாறவில்லை. கேப்டன் பதவி கொடுத்தேன். அதுவரை கேப்டனாக இருந்த கோல்கீப்பர் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டான். அவனுக்குப் பரிந்துகொண்டு பாதி அணி என் அறை வாசலில் வந்து நின்றது. ஒருத்தனைப் பிடித்து வைக்கப் போய் எல்லோரும் மூட்டை கட்டுகிறார்கள்.

தோஷா ஒரு யோசனை சொன்னார். "அவன் ஞானத்தகப்பன அனுப்புய்யா. ஞானத்தகப்பன் வந்து கேட்டா எவனுக்கு மறுக்க வாய் வரும்?" நியாயம்தான். எங்கள் பக்கத்தில் கோர்ட்டுத் தீர்ப்பை மீறினாலும், ஞானஸ்நானத்தில் தன்னைக் கையில் ஏந்திய ஞானத்தகப்பன் பேச்சை மீற மாட்டார்கள். உங்கள் விளையாட்டு முழுக்கத் தேடினேன். டாக்டர் இருக்கிறார், புள்ளிவிவரக்காரர் இருக்கிறார், புல்லைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் இருக்கிறது. ஒரு பையனுக்குக்கூட ஞானத்தகப்பன் இல்லை. "அப்ப அவன் அம்மா நம்பரக் குடுங்க, நான் பேசறேன்" என்றாள் தேசான்கா. அம்மாவும் இல்லை என்றேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள், அன்று என்னோடு பேசவில்லை, என்னவோ நான்தான் அந்த அம்மாவைக் கொன்றுவிட்டது மாதிரி.

ப்ராங்கோ போனில், "அப்பா, முன்னாடி சேமிச்சு வெச்ச எடத்துலேருந்து திரும்ப ஆடுங்க. அவன் கேக்கவே கேக்காத மாதிரி ஆயிடும்" என்றான்.

"கேட்டுட்டானேடா. எனக்குக் காது கேட்டுருச்சே" என்றேன்.

ஐயா, மறைக்காமல் சொல்கிறேன். எங்கள் தெருவில் ரொட்டிக்கடைக்காரர் மகன் லின்ஸில், டாக்டர் மகள் மியூனிக்கில், என் பிள்ளை வியன்னாவில். ஊரில் மிச்சம் இருக்கிற இளவட்டம் வெல்கோ ஒருத்தன்தான். அவனுக்கு உடம்பு இல்லை என்பது எனக்கும் தெரியும், அதனாலேயே இவனாவது இருப்பான் என்று நினைத்தேன். இப்போது ஜெர்மனியிலிருந்து ஓர் அணி அவனைக் கேட்கிறது. சம்மதமா இல்லையா என்று உங்கள் கணினி என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எனக்கு எதையும் அழுத்தக் கை வரவில்லை. ஆகவே ஞானத்தகப்பனை அனுப்ப ஒரு பொத்தானும், அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய ஒரு பொத்தானும் உடனே செய்து அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். இரண்டாவது ஒன்றே போதும் என்பது தேசான்காவின் அபிப்பிராயம்.

உங்கள் அடுப்பு அணையாமல், நிலவறையில் பீப்பாய் வற்றாமல், பிள்ளைகள் கூப்பிடு தூரத்திலேயே இருக்க வாழ்த்தும்,
ராதிசாவ்.

பின்குறிப்பு: போன வாரம் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் பிளம் பறிக்கப் போனேன். திரும்பி வந்தால் வெல்கோ இல்லை. தேசான்கா சம்மதத்தை அழுத்திவிட்டாள். அவளுக்கு லேப்டாப்பைத் திறந்துகூடப் பழக்கமில்லை. "மூஞ்சியப் பாத்தீங்களா மனுஷா, சோறு எறங்காத புள்ள மூஞ்சி. போயிட்டு வாடான்னு அழுத்திட்டேன்" என்றாள். பிறகு அந்த ஊரில் குளிர் எப்படி என்று கேட்டாள். நேற்று எங்கள் அணி தோற்றது. யாரும் கவனிக்கவில்லை, கடையில் எல்லோரும் வெல்கோவின் புது அணி என்ன ஆயிற்று என்று பார்க்கச் சொன்னார்கள். கோல் போட்டிருக்கிறான். தோஷா எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தார், நல்ல மூக்கு என்று மறுபடி சொன்னார். எனவே மேலே கேட்ட பொத்தான்கள் எதுவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அவன் எங்களைப் போனில் கூப்பிட ஒரு பொத்தான் இருந்தால் போதும். சாயங்காலம் ப்ராங்கோ கூப்பிடுவான், அப்போது இவனுக்கு லைன் கிடைக்காது. வெல்கோவை அதற்கப்புறம் கூப்பிடச் சொல்லுங்கள். நாங்கள் முழித்துத்தான் இருப்போம்.