ரோதை முனிக்கு நேர்ந்த சொக்லேட்

"இறங்குங்க. விழுந்து காலை உடைச்சுக்கிட்டா அதுக்கும் நான்தான் தைலம் தேய்க்கணும்."

முக்காலியின் மேல் நின்று அலுமாரியின் உச்சிக்குக் கை நீட்டியிருந்த நல்லையா, தாம் ஒட்டடை அடிப்பதாக மனைவி மருதாயியிடம் கூற வாயெடுத்தார். கையில் துடைப்பம் இல்லாமையால் அக்கூற்று எடுபடாது எனக் கண்டு இறங்கினார்.

அலுமாரியின் மேல் இருந்தது ஒரு சொக்லேட் பெட்டி. குவைத்தில் வீட்டு வேலை செய்யும் மகள் ஷாமிளா, ஊர் திரும்பிய ஒரு பெண்ணிடம் கொடுத்தனுப்பியது. பருப்புகளைக் கெரமல் பாகில் புதைத்து, மேலே சொக்லேட் பூசிய உருண்டைகள். மூடியிலிருந்த படத்தில் ஓர் உருண்டை இரண்டாகப் பிளந்து, பாகு நூலாக இழுபட்டுக்கொண்டிருந்தது. நல்லையாவின் உறக்கமும் அவ்வாறே இழுபட்டது.

அவருக்குச் சீனி வருத்தம். இன்னும் ஏறினால் ஊசிதான் என்று கரவனெல்ல கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். அன்றே மருதாயி வீட்டின் சீனிப் போத்தலை அடுத்த வீட்டுக்கு நாடு கடத்திவிட்டாள்.

"அப்பாவுக்குத்தான் குடுக்கச் சொல்லிச்சு" என்று பெட்டியைக் கொண்டுவந்த பெண் தெளிவாகவே கூறினாள்.

"பெத்த அப்பனுக்கு எவளாவது நஞ்சு அனுப்புவாளா? வெள்ளிக்கிழமை போன் எடுக்கட்டும், பேசிக்கிறேன்" என்றாள் மருதாயி. வெள்ளிக்கிழமை மாலையில் மட்டுமே ஷாமிளாவின் கைக்குத் தொலைபேசி கிடைக்கும். அதுவரை பெட்டிக்குத் தேயிலைக் கொழுந்துக் கூடைக் கயிற்றால் ஒரு கட்டு விழுந்தது. அந்த முடிச்சை அவிழ்க்கலாம். மீண்டும் அவ்வாறே போட மருதாயியால் மட்டுமே முடியும்.

களவு கைகூடாதவன் கல்வியை நாடுவது உலக வழக்கம். மருதாயி பீலிக் குழாயில் தண்ணீர் எடுக்கப் போன வேளையில், பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த போஷாக்கு விவரத்தை நல்லையா கைத்தொலைபேசியில் படம் பிடித்தார். பெட்டி முழுவதும் அரபு; அந்தத் துண்டு மட்டும் ஆங்கிலம். தாம் இயந்திரம் பார்க்கும் தேயிலைத் தொழிற்சாலையின் எழுதுவினைஞர் ஸ்ரீதரனிடம் அதை நீட்டினார்.

"இதுல உள்ள சத்தெல்லாம் வாசிங்க தம்பி. நல்லதை மட்டும்."

"எல்லாந்தான் வரிசையா போட்டிருக்கு அண்ணே."

"சீனின்னு ஒரு வரி இருக்கும். அந்தப் பக்கமே போகாதீங்க. பார்த்துட்டு மறைச்சா பாவம். பார்க்காட்டி ஒண்ணுமில்ல."

ஸ்ரீதரன் படித்தவர், ஆகவே இந்த நியாயம் அவருக்கு உடனே விளங்கிற்று. மாச்சத்துக்குக் கீழிருந்த வரியைப் பெருவிரலால் மறைத்துக்கொண்டு, புரதம், கல்சியம், இரும்பு, நார்ச்சத்து என்று மந்திரம்போல் ஓதினார். பாதி வாசிப்பு, வாசியாமையினும் கொடிது என்பதை அவ்விருவருக்கும் எடுத்துரைக்க அங்கே எவரும் இல்லை.

அன்று மாலை நல்லையா, லயத்து வரிசையிலுள்ள தம் வீட்டில் பிரசங்கம் செய்தார்.

"இரும்பு, மருதாயி! முருங்கைக்கீரைக்கே அண்ணன். பருப்புல இருக்கிறது நெஞ்சுக்கு நல்ல கொழுப்பு. இது இனிப்பு முட்டாசி இல்ல, மருந்து!"

"அவ்வளவு சத்தா?"

"பின்னே!"

"அப்ப நல்லதாப் போச்சு. மேட்டு லயத்துச் சுதர்ஷினிக்கு ரத்தம் பத்தாதாம், மிட்வைஃப் நோனா ஏசிட்டுப் போனாங்க. விடிஞ்சதும் பெட்டியோட குடுத்திடுறேன்."

நல்லையாவின் நா வறண்டது. வறண்ட நாவிலிருந்து உண்மை வருவது அரிது.

"குடுக்க முடியாது! அது... ரோதை முனிக்கு நேர்ந்தது!"

ரோதை முனி, தொழிற்சாலையில் சக்கரம் சுழலும் இடத்துக்குக் காவல் தெய்வம். வெள்ளிதோறும் அவருக்குப் பூசை உண்டு. பூசை தவறினாலோ, நேர்ந்ததை வேறு எவரேனும் தொட்டாலோ இயந்திரம் நின்றுவிடும் என்பது தோட்டத்தின் நம்பிக்கை. மருதாயி கன்னத்தில் போட்டுக்கொண்டு பெட்டியை விட்டு விலகினாள். சாமிக்குப் படைத்தது பிரசாதமாகும். பிரசாதத்தை மறுக்க மருதாயிக்கும் அதிகாரமில்லை. தம் அறிவை நல்லையாவே வியந்தார்.

வெள்ளிக்கிழமை காலை, தொழிற்சாலையில் பூசாரி பெட்டியை முகர்ந்து பார்த்தார்.

"கவுச்சி கிவுச்சி இருக்கா?"

ஸ்ரீதரன் படத்தைப் பெரிதாக்கினார். "முட்டை கலந்திருக்கலாம்னு போட்டிருக்கு."

"இருக்கலாமா? இருக்கா, இல்லையா?"

"அது கம்பனிக்கே தெரியாதாம்."

"சரி விடுங்க. சாராயமும் சுருட்டும் வாங்கிக்கிறவரு, முட்டைக்கா மூஞ்சைத் திருப்பப் போறாரு? ஆனா ஒண்ணு நல்லையா, நேர்ந்தவன் கடைசியிலதான் கை வைக்கணும்."

இந்தச் சட்டம் நல்லையாவின் கணக்கில் இல்லை. அவருடைய பிரசங்கமோ சுவர்களைத் தாண்டி லயமெங்கும் பரவியிருந்தது. 'மருந்து' என்று கேள்வியுற்றவர்கள் ஒன்றோடு நிற்கவில்லை. கொழுந்து வாட்டும் பெண்கள் முந்தானையில் அள்ளினார்கள். தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கர் ஐயா நெஞ்சுக்கு நல்லதென்று ஒரு பிடி எடுத்தார். பூசாரி தெய்வத்தின் பங்கையும் சேர்த்து உண்டார். பெட்டி நல்லையாவிடம் வந்து சேர்ந்தபோது அதில் எஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று.

அவர் வாயைத் திறந்தார்.

"சாமி பிரசாதம், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றாள் பூசைக்கு வந்திருந்த மருதாயி. "ஆனா வெறும் வயித்துல வேணாம். பகல் சோத்தைத் தின்னு, கிளினிக் குளிசையைப் போட்டுட்டுச் சாப்பிடுங்க."

நல்லையா அதைக் கைக்குட்டையில் முடிந்து மடியில் வைத்துக்கொண்டார்.

பகல் சங்கு ஊதுவதற்கு முன்னரே பூசாரி ஓடினார், கையில் மணியுடன். பின்னால் ஸ்ரீதரன். அதன் பின் டீமேக்கர் ஐயா, பதவிக்குரிய நிதானத்தைப் பாதி வழியில் கைவிட்டு ஓடினார். கழிப்பறை வாசலில் வரிசை நீண்டது. வரிசையில் நிற்க இயலாதவர்கள் தேயிலை மலைக்குள் மறைந்தார்கள். ஆளில்லாமையால் இயந்திரம் நிறுத்தப்பட்டது.

தோட்டத் துரை ஜீப்பில் வந்து இறங்கினார். "மொகத மே? என்ன இது? ஏன் மெஷின் நிக்குது?"

பூசாரி வெளிறிய முகத்துடன் திரும்பி வந்து சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"யாரோ பொய் நேர்த்தி வச்சிருக்காங்க. முனி சும்மா விடுவாரா?"

துரையை விட்டால் அங்கே நேராக நின்ற ஒரே ஆண் நல்லையாதான். எல்லாக் கண்களும் அவர்மேல் விழுந்தன. நல்ல வயிறு ஒரு மனிதனுக்கு எதிராகச் சாட்சி சொன்னது அன்றுதான்.

"நான்தான்" என்றார் அவர். "திங்கிற ஆசையில சொல்லிட்டேன்."

"அடுத்த வெள்ளிக்கு ஒரு சேவல். மிச்சம் இருக்கிறதை இப்பவே ஆத்துல விடு" என்று தீர்ப்புக் கூறிவிட்டுப் பூசாரி மறுபடியும் ஓடினார்.

மருதாயி நல்லையாவை ஆற்றங்கரைவரை அழைத்துச் சென்றாள். முடிச்சை அவிழ்த்தபோது உருண்டை சற்று இளகியிருந்தது. நல்லையா அதை மூக்கருகே கொண்டு போனார்.

"மோந்து பார்த்தாலும் தின்ன மாதிரிதான்" என்றாள் மருதாயி.

அவர் கையை விரித்தார். தண்ணீர் அதைக் கொண்டு போயிற்று.

மாலையில் ஷாமிளாவின் அழைப்பு வந்தது. நடந்ததையெல்லாம் சொல்லி மகளை ஒரு பிடி பிடிப்பதற்காக மருதாயி தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டாள். அவள் வாய் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள்:

"அம்மா, அப்பா சாப்பிட்டாரா? சீனியே போடாததும்மா, சீனி வருத்தக்காரங்களுக்குன்னே செய்றாங்களாம், கடை கடையா அலைஞ்சு வாங்கினேன். வேற யாருக்கும் அள்ளிக் குடுத்திராதீங்க, கூடத் தின்னா வயித்தால போகுமாம்!"